சீசன் வீட்டுக் கண்ணாடி

என்னிடம் ஒரு கண்ணாடி இருக்கிறது. தேக்குச் சட்டம் போட்டது. சட்டத்தில் ஒரு பழுதும் இல்லை. ஓரங்களில் ரசம் நன்றாகவே இருக்கிறது, எதிரே உள்ள ஜன்னலும் கதவும் அதில் தெளிவாகத் தெரியும். ஆனால் நடுவில், நின்று பார்ப்பவரின் முகம் தெரிய வேண்டிய இடத்தில், ரசம் இல்லை. அங்கே வெறும் கண்ணாடியும் அதற்குப் பின்னால் இருக்கும் பலகையும்தான் தெரியும். என் காது தெரியும், தோள் தெரியும், முகம் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் பழைய சாமான், ரசம் போய்விட்டது என்கிறார்கள். என் மகன் அதைத் தூக்கிப் போடச் சொல்லி வருஷக் கணக்காக என்னோடு மல்லுக்கு நிற்கிறான். அது தானாகப் போன ரசம் இல்லை, ஒருத்தி பின்பலகையைக் கழற்றிச் சுரண்டி எடுத்தது. அவள் என் கணவரின் அக்காள், எனக்கு மதினி. அவளையும் அவளைப் பெற்றவரையும் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கண்ணாடி முதலில் தொங்கியது குற்றாலத்தில், என் மாமனார் வீட்டில். பேரருவிக்குப் போகும் சாலையில் இருந்தது அந்த வீடு. முன்கட்டில் வரிசையாக அறைகள். ஆனி, ஆடி, ஆவணியில் சாரல் விழும்போது அவற்றைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். பின்கட்டில் நாங்கள் இருப்போம். மதுரை, விருதுநகர் வியாபாரிகள் குடும்பத்தோடு வருவார்கள், திருநெல்வேலி வக்கீல்கள் வருவார்கள், வருஷம் தவறாமல் அதே ஆட்கள், அதே அறைகள். அடுக்களையிலிருந்து முன்கட்டுக்குப் போகும் நடையில், கதவை ஒட்டி, மாமா இந்தக் கண்ணாடியை மாட்டியிருந்தார். காப்பி கொண்டு போனாலும் வெந்நீர் கொண்டு போனாலும், அந்தக் கதவைத் தாண்டும் முன் அதில் முகத்தைப் பார்த்து, சிரிப்பை வரவழைத்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும். "கண்ணாடி பாத்துட்டுப் போ, தாயி" என்பார். அதிகாரம் செய்வது போலவே இருக்காது. அவருடைய குரல்வாகு அப்படி.

நான் தென்காசிக்காரி. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் என் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. அவருக்குப் பேச வராது, கத்தத்தான் வரும். குழம்பில் உப்புக் கூடினாலும் கத்துவார், கடைக்கு ஆள் வராவிட்டாலும் கத்துவார், வந்துவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்டான் என்று கத்துவார். அம்மா மூக்கைச் சிந்தி அழுவாள். அழுது முடித்த கையோடு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அப்பாவைப் போலவே பேசிக் காட்டி, இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இந்தச் சந்தைக் கடையிலிருந்து ஐம்பதுகளின் நடுவில் கல்யாணமாகிக் குதிரை வண்டியில் குற்றாலம் போய் இறங்கினால், அங்கே ஒரு வீட்டில் யாரும் யாரையும் வைவதே இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகும் வரை இதமான பேச்சு. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஜாதகத்தில் இப்படியும் ஒரு கட்டம் இருந்ததா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் ராச்சாப்பாட்டுக்கு ஆண்களும் பெண்களும் ஒன்றாக உட்கார வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்போது அது கேள்விப்படாத சங்கதி. எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறியாகிவிடும், ஆனால் யாரும் கை வைக்கக் கூடாது. அன்றைக்கு நடந்த நல்லது ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். "நல்லது ஒண்ணு சொல்லிட்டுக் கைய வையி" என்பதுதான் மாமாவின் சட்டம். முதல் நாள் என் முறை வந்தபோது காலையிலிருந்து நடந்ததையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். கடைசியில், "இன்னைக்கு யாரும் கத்தல" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், தம் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார். என்னைப் பெற்றவர் ஒரு நாளும் செய்யாத காரியம் அது. அன்றைக்கு நான் அந்த மனுஷருக்கு அடிமை ஆனேன்.

"சாரல் மாதிரி தானா வந்து நம்ம மேல விழும்னு சந்தோஷத்துக்குக் காத்துக் கெடக்கக் கூடாது. கெணறு மாதிரி தோண்டணும். தெனமும் தோண்டணும். முதல்ல மொகத்தச் சிரிக்க வையி, மனசு பின்னாலயே வரும்." சாயங்காலம் அருவியில் குளித்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் உட்காரும் விருந்தாளிகளிடம் அவர் இப்படித்தான் பேசுவார். வியாபாரத்தில் நொடித்துப்போன ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்பதற்கென்றே மதுரையிலிருந்து வருவார். "அண்ணாச்சி பக்கத்துல உக்காந்தாலே பாதிப் பாரம் எறங்கிருது" என்று எல்லாரிடமும் சொல்வார். அருவி தலையைக் குளிர்விக்கும், அண்ணாச்சி மனசைக் குளிர்விப்பார் என்று ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. அவர் பித்தலாட்டக்காரர் இல்லை. சொன்னதை அப்படியே நம்பினார், நம்பியபடியே நடந்தார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எங்கள் பிழைப்பு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அது பலிக்கவும் செய்தது. ராத்திரி சொல்வதற்கு ஒரு நல்லது வேண்டுமே என்று மத்தியானமே என் மனசு தேட ஆரம்பித்துவிடும். பலாமரத்தில் அணில் குட்டி போட்டிருப்பதைப் பார்ப்பேன். வக்கீல் வீட்டம்மா நான் வைத்த மிளகு ரசத்தைப் புகழ்ந்ததை முடிந்து வைத்துக்கொள்வேன். என் அப்பா வீட்டில் இருந்த காலத்தில் கண்ணில் படாததெல்லாம் அங்கே கண்ணில் பட்டது. ஆகையால் அந்தப் பழக்கத்தையே நான் பழிக்க மாட்டேன். பழிக்க வேண்டியது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொன்றை. சீசன் வீட்டில் யாரும் அழக் கூடாது. விருந்தாளிகள் சந்தோஷமாக இருக்க வருகிறார்கள், அவர்கள் காதில் அழுகைச் சத்தம் விழலாமா? வெந்நீர் கொட்டி என் கை வெந்தபோது அத்தை, என் மாமியார், என்னைக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேலைத் தலைப்பால் என் வாயைப் பொத்தினாள். "மொகத்தத் தொடச்சிட்டு வாட்டி, கண்ணாடில தெரியப் போகுது" என்றாள். அவளுக்கு அது அவ்வளவு பழகிப்போயிருந்தது. சாப்பாட்டில் அவள் சொல்லும் நல்லது என்றைக்கும் ஒன்றுதான்: "சோறு பக்குவமா வெந்துச்சு." மாமா சிரித்துக்கொண்டே அதை ஒப்புக்கொள்வார்.

மாமா ஏன் இப்படி ஆனார் என்பதையும் அத்தைதான் ஒரு நாள் கொல்லையில் வைத்து எனக்குச் சொன்னாள். அவர் பிள்ளையாக இருந்தபோது அவருடைய தாயார் கைக்குழந்தை ஒன்றைப் பறிகொடுத்தாராம். அழுதுகொண்டே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சோறில்லை, தண்ணியில்லை, வீட்டில் விளக்கு இல்லை. அந்தக் காலத்தில் சித்தம் கலங்கியவர்களை எங்கெங்கிருந்தோ குற்றாலத்துக்குக் கொண்டுவந்து அருவியில் நிறுத்துவார்கள், தலையில் தண்ணீர் விழ விழத் தெளியும் என்று நம்பிக்கை. அவருடைய தாயாரையும் கையைக் கட்டி இழுத்துப்போய் நிறுத்தினார்கள். தெளியவில்லை. தாயைக் கட்டி இழுத்துப் போனதைப் பார்த்த பிள்ளை, அழுகையில்தான் பைத்தியம் ஆரம்பிக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளைமேல் எனக்கு இரக்கம் உண்டு. அது வளர்ந்து செய்த காரியத்தை மன்னிக்க அந்த இரக்கம் போதவில்லை.

மதினியை ஆய்க்குடியில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் வீட்டுக்காரர் விவசாயி, அதிகம் பேசாதவர். வெகு காலம் பிள்ளை இல்லாமல், பண்பொழி முருகன் மலைக்கு நடந்து நேர்ந்துகொண்டு பெற்ற ஒரே பையன். சீசனுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வருவாள். வந்தால் வீடு இரண்டுபடும். சக்கரம் வைத்த மரக்குதிரை ஒன்றை மாமா அவனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார், நடை முழுக்க அதைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு ஓடுவான். மங்குஸ்தான் பழத்துக்காக யார் மடியிலும் ஏறி உட்காருவான். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, இந்தக் கண்ணாடியில் மூக்கைச் சப்பையாக அழுத்திப் பழிப்புக் காட்டுவான். கண்ணாடியில் எப்போதும் ஒரு மூக்கு அடையாளம் இருக்கும். சிரிக்கப் பழகுவதற்கென்று மாட்டிய கண்ணாடியில், பழகாமல் சிரித்தவன் அவன் ஒருவன்தான்.

ஒரு வைகாசியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தென்காசியிலிருந்து டாக்டரை வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் போய்ச் சேர்ந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. நாங்கள் எல்லாரும் ஆய்க்குடிக்கு ஓடினோம். மதினி தரையில் கிடந்து புரண்டு அழுதாள். அவள் வீட்டுக்காரர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதார். மாமா எல்லாக் காரியத்தையும் முன்னின்று நடத்தினார், கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குற்றாலத்துக்குத் திரும்பியதும் கண்ணாடியைத் திருநீறு போட்டுப் பளிச்சென்று துடைத்தார். மரக்குதிரையைத் தேடி எடுத்து ஒளித்து வைத்தார். ஆனி பிறந்தது, சாரல் கட்டியது, அறைகள் நிரம்பின. ஆடியில் அவரே போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "அங்கன விட்டா அழுதுக்கிட்டே கெடப்பா. எங்கம்மா மாதிரி ஆயிருவா. நான் விட மாட்டேன்" என்று அத்தையிடம் சொன்னார். பெற்ற மக்களில் அவருக்கு உயிர் அவள்தான். அவளை மீட்டே தீருவது என்று கச்சை கட்டிக்கொண்டு நின்றார்.

பையனின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று ராத்திரி இலை போட்டாயிற்று. ஒவ்வொருவராக நல்லது சொன்னோம், எங்களுக்கே கூசியது. மதினி முறை வந்தது. "நல்லது ஒண்ணு சொல்லு, மக்ளே" என்றார் மாமா, அவ்வளவு பிரியமாக. அவள் வெகு நேரம் இலையையே பார்த்தாள். "எம்புள்ள ரொம்பக் கஷ்டப்படாமப் போயிட்டான்" என்றாள். மாமா மெல்லத் தலையை அசைத்தார். "போனது வேண்டாம் மக்ளே. இன்னைக்கு நடந்தது. இன்னைக்கு." அவள் திரும்பவும் இலையைப் பார்த்தாள். "சோறு சூடா இருக்கு" என்றாள். "அதான் என் மக" என்று மாமா கையை இலையில் வைத்தார். அத்தை குனிந்த தலை நிமிராமல் உருண்டை உருண்டையாக விழுங்கினாள்.

மதினி அப்பாவின் பிள்ளை. சின்ன வயதிலிருந்து அவர் சொல்லைத் தட்டாதவள், அவர் பாடத்தில் முதல் மார்க்கு வாங்கியவள். பையனைப் பற்றிப் பேசாதே என்றார், பேசவில்லை. கண்ணாடி பார்த்துவிட்டுப் போ என்றார், பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. விருந்தாளிகள் வியந்துபோனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்றார்கள். அவர்கள் வியக்க வியக்க மாமாவுக்கு மகள் ஒரு சாட்சி ஆகிப்போனாள். மதுரையிலிருந்து புருஷனை இழந்த ஒரு அம்மாளை அழைத்து வந்தார்கள், அவளுக்கு ஆறுதல் சொல்ல மதினியைக் கொண்டுபோய் உட்கார வைத்தார் மாமா. "கண்ணாடியப் பாத்துப் பழகுங்க. வந்துரும்" என்று மதினி சொன்னதை நான் காப்பித் தட்டோடு நின்று கேட்டேன். விருந்தாளிப் பிள்ளை ஒன்று ஒரு நாள் மழைக்கு வெளியே போக முடியாமல் அடம்பிடிக்க, மாமா ஒளித்து வைத்திருந்த மரக்குதிரையை எடுத்துக் கொடுத்துவிட்டார். யாருக்காவது பயன்படட்டுமே என்று நினைத்திருப்பார். நடையில் அந்தக் கடகடச் சத்தம் எழுந்தபோது மதினி வெந்நீர்ச் செம்போடு கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே கதவைத் தாண்டிப் போனாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அவள் அருவிக்குப் போவது மட்டும் நாளுக்கு நாள் அதிகமாகிக்கொண்டே போயிற்று. காலையில் போவாள், உச்சிப்பொழுதில் போவாள், விளக்கு வைக்கும் முன் இன்னொரு தடவை போவாள். உதடு நீலம் பாரித்து, விரல் சுருங்கி வருவாள். மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாரு, தண்ணி அவளைத் தேத்திட்டு வருது" என்பார். அத்தை என்னைத் துணைக்கு அனுப்பினாள். பெண்கள் பக்கத்தில் அன்று நல்ல தண்ணீர். உள்ளே போய்விட்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, மலையே சரிந்து விழுவது போல இரைச்சல். வழுக்குமே என்று மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் குலுங்கியது. குளிராக இருக்கும் என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்தால், அவள் வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. காதை அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் பையனின் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீருக்குள் நின்று, ஊரே சுற்றி நிற்க, ஒருவர் காதிலும் விழாமல், அடிவயிற்றிலிருந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்து கூந்தலைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "இங்கன யாருக்கும் கேக்காதுட்டி. அப்பாட்டச் சொல்லிராத. சொன்னா இதையும் நிறுத்திப்புடுவாரு." நான் சொல்லவில்லை. அத்தையிடம் மட்டும் ஜாடையாகச் சொன்னேன். அத்தை கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து மதினி புறப்படும்போதெல்லாம் உலர்ந்த துண்டும் சேலையும் தயாராக எடுத்து நீட்டுவாள். தாயும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டு நான் பார்க்கவில்லை.

சீசன் எத்தனை நாளைக்கு? ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. சாரல் நின்றது, அறைகள் காலியாயின, அருவி இளைத்தது. வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டது போல இருந்த தண்ணீர் நாலைந்து நூலாகப் பிரிந்து பாறையில் வழிந்தது. மதினி அப்போதும் போனாள், வழக்கம் போல நின்றாள், வழக்கம் போல வாயைத் திறந்தாள். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்களாம். யாரோ ஒருத்தி, "பைத்தியம் போல. தண்ணிக்குக் கூட்டியாந்திருக்காக" என்றாளாம். அந்த வார்த்தைதான் முதலில் மாமாவின் காதுக்கு வந்து சேர்ந்தது. அவர் போய் மகளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். தாயைக் கட்டி இழுத்துப் போனதைப் பார்த்த பிள்ளையின் முகமாகத்தான் அது இருந்திருக்க வேண்டும்.

அவர் அவளை வையவில்லை. வைதிருந்தால் அவளும் திருப்பி வைதிருப்பாள், எங்கள் தென்காசி வீட்டில் போல, எல்லாம் உடைந்து நேராகியிருக்கும். "பாடுபட்டுக் கட்டுனத இடிச்சிட்டியே, மக்ளே" என்று மட்டும் சொன்னார். ஈரச் சேலையோடு அவளைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தினார். அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள். "அவ அழட்டும். பெத்தவ. அழுதுட்டுப் போகட்டும்." நான் அந்த வீட்டுக்கு வந்து அத்தை அவரை எதிர்த்துப் பேசிக் கேட்டது அன்று ஒரு நாள்தான். "அழுதா எங்கம்மாவாயிருவா. நீ பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன்" என்றார் மாமா. குரல் உயரவே இல்லை. மகளின் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடிக்குள் அவள் முகத்தைப் பார்த்து, "சிரி, மக்ளே. எனக்காகச் சிரி" என்று கெஞ்சினார். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள், தன்னைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்புக்கு வந்தது. வந்தது வந்ததுதான், அதன் பிறகு அது போகவே இல்லை.

ஐப்பசியில் அவள் வீட்டுக்காரர் வந்து ஆய்க்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகள் தேறிவிட்டாள் என்று மாமா அடுத்த சீசனில் எல்லாரிடமும் சொன்னார். ஆய்க்குடிக்காரர்கள் வேறு சொன்னார்கள். கல்யாண வீட்டிலும் அதே சிரிப்பு, இழவு வீட்டிலும் அதே சிரிப்பு. பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி செத்ததற்கும் சிரித்துக்கொண்டு நின்றாளாம். துக்கத்துக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை என்று ஆயிற்று. கூப்பிடாமல் வந்தாலும் பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சந்தோஷத்தைக் கட்டிக் கொடுக்கிறேன் என்று கிளம்பிய தகப்பன், மகளுக்கு ஊரில் உட்கார இடம் இல்லாமல் செய்துவிட்டார். சிரித்துக்கொண்டே இருப்பவளிடம் யார்தான் என்ன கேட்பது?

அறுபதுகளில் ஒரு ஆடி மாதம், நல்ல சீசனில், அடுக்களையில் உலை வைத்துக்கொண்டிருந்த அத்தை அப்படியே சாய்ந்தாள். சாவு வீட்டில் விருந்தாளிகள் தங்க முடியுமா? மாமாவைக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு இடம் போய்விட்டார்கள். சாரல் பெய்துகொண்டிருக்கிற ஆடியில் அத்தனை அறையும் திறந்து கிடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். சிரித்துக் காட்டுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் மாமா நடுக்கூடத்தில் நின்றார். தாடை ஆடியது. அழத் தெரியாத ஒரு ஆண்பிள்ளை அழப் பார்ப்பதைப் போல ஒரு கோரத்தை நான் பார்த்ததில்லை. சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அவரோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், மகள் வரவேண்டும் என்று.

மதினி பின்பக்கமாக வந்தாள். நடையில் கால் தானாக நின்றது. கண்ணாடியில் முகம் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து, அதே சிரிப்போடு தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பாரி வைத்த பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக நிறுத்திவிட்டார்கள். மாமா அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "ஏட்டி, நீயாவது அழுட்டி. உன்னப் பெத்தவட்டி" என்றார். கை கூப்பியே கேட்டார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "வர மாட்டேங்குதுப்பா" என்றாள். அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. கடையில் இல்லாத சாமானை இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். அதனால்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எல்லாம் முடிந்து சாயங்காலம் சம்பந்தி வீட்டிலிருந்து சோறு வந்தது. இலை போட்டோம். வெறும் பழக்கத்தினால் ஒருவரும் கை வைக்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை, சோறு ஆறிக்கொண்டிருந்தது. "நான் சொல்லுதேன் நல்லது ஒண்ணு" என்றாள் மதினி. எல்லாரும் நிமிர்ந்தோம். "அம்மை இனிமே சிரிக்க வேண்டாம்லா?" என்றாள். சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தாள், முதல் உருண்டையைப் பிடித்தாள். மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அவரைத் தேடிக்கொண்டு யாரும் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அம்மாவின் நினைவாக என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டார்கள். நகை கேட்பாள், பட்டுச் சேலை கேட்பாள் என்று நினைத்தோம். அவள் கண்ணாடியைக் கேட்டாள். மாமாவே ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. அந்த வருஷத்துக்குப் பிறகு அவர் அறைகளை வாடகைக்கு விடவில்லை. வராந்தாவில் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. பழைய ஆட்கள் தேடி வந்தால், உடம்பு சரியில்லை என்று உள்ளே போய்விடுவார். அவர் சாகும் வரை தினமும் அருவிக்குப் போனார், எண்ணெய் இல்லாமல், துண்டு இல்லாமல். தண்ணீர் அதிகமாக விழும் இடமாகப் பார்த்து வெகு நேரம் நிற்பாராம். அங்கே அவருக்கு அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற அளவுக்கு எனக்கு நல்ல மனசு இல்லை.

மாமா போன பிறகு ஒரு தடவை ஆய்க்குடிக்குப் போனபோது மதினி வீட்டுச் சுவரில் இந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். நடுவில் ரசம் இல்லை. கத்தி முனையால் வட்டமாகச் சுரண்டி, திரும்பப் பலகை வைத்து அடித்திருந்தாள். நான் கேட்கும் முன்பே சொன்னாள். "அவன் மூக்க வச்சு அழுத்துன எடம்ட்டி அது. அவன் மொகம் இல்லாத கண்ணாடில வேற யார் மொகமும் தெரிய வேண்டாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்கு வேறு முகம் இல்லை. அவள் போன பிறகு அவளுடைய கொழுந்தனார் மகன் ஒரு பழைய சேலையில் சுற்றி இதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். உங்களிடம்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாளாம்.

குற்றாலத்து வீட்டை விற்றாயிற்று. அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய லாட்ஜ் நிற்கிறது. என் மகன் வேலை பார்க்கும் ஆபீசில் மனசை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ள வகுப்பு நடத்துகிறார்களாம். தினமும் நடந்த நல்லதை எழுதி வைக்க வேண்டுமாம், காலையில் கண்ணாடி பார்த்துச் சிரிக்க வேண்டுமாம், அப்படிச் செய்தால் மகிழ்ச்சி நிலைக்குமாம். புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னான். உன் தாத்தா கண்டுபிடித்ததுதான், நல்ல பழக்கம்தான், செய் என்றேன். ஆனால் என்றைக்காவது நல்லது ஒன்றும் தோன்றாவிட்டால் அன்றைக்கும் சோற்றைச் சாப்பிட்டுவிடு, அழுகை வந்தால் சத்தமாக அழு, உன் வீட்டில் அழுகிறவர்களை அழ விடு என்றேன். உனக்கு வயசாகிவிட்டது அம்மா என்றான். என் அம்மா மூக்கைச் சிந்தி முடித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அந்தக் கத்தல் வீட்டில் நிலைத்திருந்தது எதுவோ அது எங்கள் சிரிப்பு வீட்டில் நிலைக்கவில்லை, அதை மட்டும் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியும்.

கண்ணாடியை வாசல் கதவுக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறேன். காலையில் கோயிலுக்குப் புறப்படும் முன் அதற்கு நேராகக் கொஞ்சம் நிற்பேன். அது என்னைச் சிரிக்கச் சொல்வதில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் பலகையைப் பார்த்து, அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத பெயரை, பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று, வாய்விட்டுச் சொல்கிறேன். சுப்பையா. அவன் பெயர் சுப்பையா. நாலு வயது. மங்குஸ்தான் பழம் என்றால் உயிர். கண்ணாடியைக் கண்டால் மூக்கை அழுத்திப் பழிப்புக் காட்டுவான்.